குழந்தைகளோடு கயாக்கில் மீன் பிடிக்கப் போகலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து, இருவர் அமரக்கூடிய கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) மூன்று வாங்கியிருக்கிறோம். ஏழு, ஒன்பது, பதினொன்று வயதுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட ஆசை. பிள்ளைகளுக்கு ஓரளவு நீச்சல் தெரியும். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் முகத்துவாரத்துக்கு மட்டும் வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் ஆழத்தைவிட நீரின் இழுப்புதான் ஆபத்தானது. வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, தொடங்கியதும் கழிமுகத்தில் பரந்து கிடக்கும் நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். எதிரே வரும் அலை அந்த ஓட்டத்தில் மோதி, மணல்திட்டின் மேல் செங்குத்தாக எழுந்து உடையும். அதிகாலையில் தரைக்காற்றும் கடலை நோக்கியே வீசும் என்பதால், துடுப்புப் போட்டுப் பழகாத ஒருவரால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து திரும்ப இயலாது.

காட்டுக்குப்பம் பக்கம், வாயிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. அங்கும் ஏற்றம், அதாவது கடல்நீர் உள்ளே ஏறுவது, இருக்கும்போதே இறங்கி, அது முடிவதற்குள் கரையேறிவிட வேண்டும். நம் கடற்கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அவை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகின்றன. ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும் என்பதால், போன ஞாயிறு காலை 6 மணிக்கு நீர் நிறைந்து நின்றிருந்தால் இந்த ஞாயிறு அதே நேரத்தில் அது வற்றிக் கிடக்கும். விடுமுறை நாளில் மட்டும் நீரைப் பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் "போன வாரம் நன்றாகத்தானே இருந்தது" என்று ஏமாறுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு இன்னும் அதிகமாக இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு குடும்பமாகச் சென்றபோது, மீன் நன்றாகக் கடிக்கிறதே என்று அரைமணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டோம். போகும்போது பத்து நிமிடத்தில் கடந்த தூரத்தைத் திரும்பும்போது கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கிடையே, தண்ணீரில் விழுந்த தொப்பியை எடுக்க என் அக்காள் மகன் ஒரு பக்கமாகச் சாய, கயாக் கவிழ்ந்தது. அவன் லைஃப் ஜாக்கெட் அணிந்துதான் இருந்தான்; ஆனால் வார்களை நான் இறுக்கியிருக்கவில்லை. ஜாக்கெட் மேலே ஏறி அவன் காதுகளை மூடிக்கொள்ள, வாய் பாதி நீருக்குள் இருந்தது. இரண்டே நொடியில் பிடித்துத் தூக்கிவிட்டோம் என்றாலும் அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆகவே பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். பிள்ளையின் எடைக்கு ஏற்றதை, கால்களுக்கு இடையே வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அணிவித்தபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் ஏறி வந்தால் அது உதவாது. முதல் பயணத்துக்கு முன், நீச்சல் குளத்திலோ இடுப்பளவு நீரிலோ பிள்ளைகளை வைத்துக்கொண்டே கயாக்கை நீங்களே நாலைந்து முறை கவிழ்த்து, மீண்டும் ஏறப் பழகுங்கள். விழுவது விளையாட்டாகப் பழகிவிட்ட பிள்ளை, உண்மையில் விழும்போது பதறி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. நீங்கள் வாங்கியது மேலே அமர்ந்து ஓட்டும் வகை என்றால் நல்லதே. கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடுவது போல, அதன் துளைகள் வழியே நீர் தானே இறங்கிவிடும். பிள்ளையை முன்னால், உங்கள் பார்வையிலேயே உட்கார வையுங்கள். எக்காரணம் கொண்டும் கயாக்கோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

தூண்டிலைப் பொறுத்தவரை, முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிட்டால், அது யார் விரலில் ஏறினாலும் எளிதில் கழன்றுவிடும். ஒரு கயாக்கில் ஒரு தூண்டில் போதும். தங்கூசி நரம்பு காலில் சுற்றினால் அறுக்க ஒரு சிறு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093 என்ற எண்ணைப் பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

கேள்வி: எண்ணூரைவிடப் பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்ததுதானே? அங்கே போகலாமா?
- வாசகர், மீஞ்சூர்

பதில்: ஆழம் குறைவு என்பதை நம்பி இறங்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலும் அது பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் கேட்காமல் கயாக்கை இறக்கக் கூடாது. அங்குள்ள மீனவர்கள் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்ற முறையில் தமக்குள் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். நமக்கு வெறும் நீராகத் தெரியும் இடம் அன்றைய தினம் ஒரு குடும்பத்தின் சோறாக இருக்கக்கூடும். முதலில் ஊரில் விசாரியுங்கள்.

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்தில் பிள்ளைகள் பிடித்த மடவை மீனைச் சமைக்கலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் ஆண்டுக்கணக்கில் அங்கே படிந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. மடவையோ அடிச்சேற்றை மேய்ந்து வாழும் மீன். அங்கே பிடித்துப் பிழைக்கும் மக்களைக் குறை சொல்வதாக இதை எண்ண வேண்டாம். அந்தச் சேற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள் அல்லர், அதன் முதல் இழப்பே அவர்களுடையதுதான். பிடித்த மீனை நனைத்த கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, நீருக்குள்ளேயே விட்டுவிடச் சொல்லுங்கள். குழம்புக்குக் காசிமேட்டில் கடல்மீன் வாங்கிக்கொள்ளலாம். கனமழை பெய்து வெள்ளம் வடியும் வாரங்களில் பிள்ளைகளை அந்த நீரில் இறக்கவே வேண்டாம்.

கேள்வி: கெளுத்தி மீன் குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அதன் முதுகில் ஒன்றும் பக்கவாட்டுத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று நச்சு முட்கள் உண்டு. குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி தணியும். பிள்ளையின் கையை நனைக்கும் முன் உங்கள் கையை விட்டுச் சூடு பாருங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போகும் பழக்கம் எங்கள் குழுவில் இதற்காகத்தான் வந்தது.