சொந்தக் குதிரையில் குட்டி எடுப்பதில் அப்படி என்ன சந்தோஷம்?

வளர்ந்த குதிரையை வாங்கிவிடலாமே, எதற்குப் பதினோரு மாதம் காத்திருந்து குட்டி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டா பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன லாயம் இருக்கிறது. பந்தயக் குதிரைகள் கிடையாது. சவாரிக்கான மார்வாரி, கத்தியவாரி வகைகள்தான்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கினால் பல்லைப் பார்த்து வயது கணிக்கலாம், சுழி பார்க்கலாம், ஓடவிட்டும் பார்க்கலாம். குட்டி எடுப்பதில் இது எதுவுமே நடக்காது. எனக்குச் சந்தோஷமே அதில்தான்.

நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண் குதிரை கங்காவுக்குச் செம்பழுப்பு உடம்பு, கருப்புப் பிடரி. சேர்த்த ஆண் குதிரையும் அதே நிறம். பிறந்தவனுக்கோ உடம்பு, பிடரி, வால் எல்லாமே செம்பட்டை! இரு பக்கமும் ஒளிந்திருந்த மரபணு குட்டியிடம் ஒன்றுசேர்ந்தால் இப்படி வரும். வெள்ளைக் குதிரைகள் இன்னும் வேடிக்கை. பெரும்பாலானவை கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, கண்ணைச் சுற்றி நரைக்கத் தொடங்கி, வருடக்கணக்கில்தான் வெளுக்கும்.

ஈனும் நாளையும் சொல்ல முடியாது. சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 நாளிலும் ஈனும், ஒரு வருடம் வரைக்கும் இழுக்கும். காம்பு நுனியில் மெழுகு போலப் பால் உறைந்ததும் ராத்திரிக் காவலை ஆரம்பித்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். ஆள் நடமாட்டம் இருந்தால் கொஞ்சம் தள்ளியும் போடும். காவலுக்கு இருந்த அண்ணன் டீ குடிக்கப் போன இடைவெளியில் கங்கா ஈன்றுவிட்டாள்!

அப்புறம் அந்த முதல் இரண்டு மணி நேரம். நீளக் கால்களை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிடும். உடனே பாலைத் தேடும். தாயின் தொடையை முட்டும், சுவரையும் முட்டும். குதிரைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அதை உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு ஒரு நாள் மட்டுமே இருக்கும். அதனால் முதல் சில மணி நேரத்திலேயே குடித்தாக வேண்டும். சப்பும் சத்தம் கேட்டதும் அம்மா “குடிச்சிருச்சுடா” என்று கத்தினாரே, அந்த நிம்மதியை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

எல்லா ஈற்றும் இப்படி முடியாது. இரட்டைக் கரு என்றால் பெரும்பாலும் இரண்டும் தங்காது. ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்க்க வேண்டும். பணக்கணக்குப் போட்டால் வாங்குவதே மலிவு.

சரி, குட்டி எடுத்தே தீருவேன் என்றால் தாயை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். ஆண் குதிரையின் அழகில் மயங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் பால் மறக்கும்வரை, ஏறத்தாழ ஆறு மாதம், குட்டி ஒட்டிக்கொண்டு திரிவது தாயோடுதான். மனிதர்களைக் கண்டு மிரளாத தாய் வேண்டும்.