அன்றிரவு மேடையில் நின்றது அப்பா

கேள்வி: என் அப்பாவும் பெரியப்பாவும் புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்து திருவிழா ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் என்கிற கோமாளி வேஷம் கட்டியவர்கள். பெயர் வாங்கியது பெரியப்பா. பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரே இரவுக்கு இரண்டு ஊர்களில் தேதி கொடுத்துவிடுவாராம். ஓர் ஊருக்கு அவர் போவார். மற்றதற்கு அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் பெயரிலேயே அப்பா போவார். இருவருக்கும் ஒரே முகச்சாயல். அப்பா இறந்த பிறகு அம்மா வாய்தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். இதை நகைச்சுவை நாவலாக எழுதுகிறேன். 140 பக்கம் ஆகிவிட்டது. முதல் பாதியில் சிரிப்பு வந்தது. இப்போது எழுத உட்கார்ந்தாலே கோபம்தான் வருகிறது. பெரியப்பாவுக்கு வயது 81. அம்மா எழுதவே வேண்டாம் என்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் சிறுமியாக இருந்தபோது திருவிழா மணலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்திருக்கிறேன். வள்ளி வருவதற்குள் தூங்கிப்போவேன். பபூன் மேடையில் இருக்கும்வரை கண்ணை மூடமாட்டேன். அந்த மனிதர்களுக்கென்று ஒரு நாவல் வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

முதலில் உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசுவோம். நியூயார்க்கில் மார்க்ஸ் சகோதரர்கள் என்று ஒரு நகைச்சுவைக் குடும்பம் இருந்தது. மூத்தவர் சிக்கோ, அவருக்கு அடுத்தவர் இருபது மாதம் இளைய ஹார்ப்போ. இளம் வயதில் இருவரையும் அடையாளம் பிரிப்பது கடினம். சிக்கோ பியானோ வாசித்துக் காட்டி வேலை வாங்குவார். வாங்கிய வேலைக்குத் தம்பியை அனுப்பிவிடுவார். தம்பிக்குத் தெரிந்ததோ இரண்டே பாட்டு. அந்த இரண்டையும் வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி வாசித்துச் சமாளிப்பார். குட்டு வெளிப்பட்டதும் வேலை போய்விடும். இதை வெளியே சொன்னது ஹார்ப்போவேதான், 1961இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில். படிக்கும்போது அண்ணன்மேல் நமக்கும் பிரியம் வந்துவிடுகிறது.

ஏமாற்று வேலைக்கு அனுப்பப்பட்டவரே கதை சொல்வதால்தான் அங்கே சிரிப்பு நிற்கிறது. உங்கள் நாவலில் யார் சொல்கிறார்? நீங்கள், மகன். அப்பாவுக்குக் கிடைக்காத கைதட்டலுக்காக மகனுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த இரவுகளில் மேடையில் நின்றவர் நீங்கள் இல்லையே. அண்ணன் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்க, அண்ணன் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டதும் திரையை விலக்கிக்கொண்டு வந்தவருக்கு என்னென்ன தோன்றியிருக்கும்? பயம் இருந்திருக்கும். கொஞ்சம் குறும்பும் இருந்திருக்கும். அண்ணன் சொல்லாத ஒரு சொந்த நகைச்சுவையை நடுவில் நுழைத்து, கூட்டம் சிரித்ததும் உள்ளுக்குள் பூரித்திருப்பார். பிற்பாதியை அப்பாவே சொல்வதாக, ‘நான்’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள்.

ஸ்பெஷல் நாடகத்தின் நடைமுறையும் உங்களுக்குக் கைகொடுக்கும். கம்பெனி நாடகம்போல ஒரே குழுவாக ஊர் ஊராகப் போவதில்லை. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரிபார்ட் இன்னோர் ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடந்துவிடும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான் ஒரு தம்பி அண்ணனாக நுழைய முடியும். அதுவும் பபூன், கதை தொடங்கும் முன்பே தனியாக வந்து பேசிப் பாடுகிறவர். ஆனால் அவருக்கு அடுத்து ‘டான்ஸ் காமிக்’ ஆட வரும் பெண் முன்பு பெரியப்பாவோடு ஆடியவராக இருந்தால்? பக்கவாத்தியக்காரர்கள்? ஊரை ஏமாற்றலாம், ஆர்மோனியக்காரரை ஏமாற்ற முடியாது. கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி அளவு; பெரியப்பா நாலு கட்டையில் பாடுகிறவராக இருந்து அப்பா நாலரையில் எடுத்தால், முதல் வரியிலேயே அவருக்கு விளங்கிவிடும். விளங்கியும் வாய் திறக்காமல் கட்டையை மாற்றிக்கொடுத்திருப்பார். ரகசியத்தைக் கடைசிப் பக்கம்வரை மூடி வைக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அதைக் காப்பாற்றிய பாடுதான் உங்கள் நகைச்சுவை.

அம்மா வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டீர்களா? நீங்கள் பெரியப்பாவின் மானத்தை நினைக்கிறீர்கள். அம்மா வேறொன்றை நினைத்திருக்கலாம். ‘கூத்தாடி குடும்பம்’ என்ற பேச்சை அந்தத் தலைமுறைப் பெண்கள் கேட்டுக் கூசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக்கூடாது என்று தொழிலையே மறைத்த குடும்பங்கள் உண்டு. அப்பா கொண்டுவந்த பணம் எவ்வளவு, அதில் பெரியப்பாவுக்கு எவ்வளவு போனது என்பதும் அம்மாவுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு மனம் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் எப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும்.

பெரியப்பாவிடம் மறைத்து அச்சுக்குக் கொடுப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 81 வயது மனிதர், தன் தம்பியை ஒரு புத்தகக் கடையில் சந்திக்கக்கூடாது. முதல் 20 பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்து வாசியுங்கள். அவர் திட்டலாம். இல்லை, “அந்த ஊருக்கு நான் போகவே இல்லை, உன் அப்பன்தான் போனான்” என்று அவரே ஆரம்பிக்கலாம். எது நடந்தாலும் நாவலுக்கு அது தேவை. அவர் அழுதால் அன்றைக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட இருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அப்பாவோடு வாசித்த ஆர்மோனியக்காரர் யாராவது உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று கேளுங்கள்.