விலகல் கடிதம் கொடுக்க முன்

கடிதம்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் ஆறு வருசமாகப் படிப்பிக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 10,000. ஊழியர் சேமலாப நிதி (EPF) 30,000க்கு மட்டும்தான் கட்டுகிறார்கள். இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய் கல்வி வலயத்தில் அரச நியமனம் கிடைத்திருக்கிறது. விலகும்போது சேவைக்காலத்துக்குத் தரும் பணிக்கொடையைக் கேட்டதற்கு, "டிசம்பரில் ஒப்பந்தம் முடித்து ஜனவரியில் புதிதாகத்தானே எடுத்தோம், உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார்கள். வீட்டிலோ, "அரச வேலை கிடைச்சாச்சு, அதுகளை விட்டுட்டு வா" என்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?

ஓர் ஆசிரியை, கொக்குவில்

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

நியமனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மாங்குளத்தில் இறங்கி, துணுக்காய்ப் பக்கம் உள்ள மல்லாவிக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டி வந்தாலும், அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டி வந்தாலும் அதுவே சரி. ஆனால் உரியதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அரச சேவை உங்களுக்கு முதலாம் நாளிலிருந்துதான் தொடங்கும். இந்த ஆறு வருசம் ஓய்வூதியக் கணக்கில் சேராது. அதற்கு ஈடாக உங்களிடம் இருப்பது சேமலாப நிதியும் பணிக்கொடையும் மட்டுமே.

முதலில் சேமலாப நிதி. வாழ்க்கைச் செலவுப் படிக்கும் அது கட்டியே ஆக வேண்டும். உங்கள் பங்கு 8 சதவீதம், பாடசாலையின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) இன்னும் 3 சதவீதம், அது முழுக்கப் பாடசாலையின் பொறுப்பு. 10,000 ரூபாவைக் கணக்கில் சேர்க்காததால் பாடசாலைக்கு உங்கள் ஒருவரில் மட்டும் மாதம் 1,500 ரூபா மிச்சம், வருசத்துக்கு 18,000. இப்படி இருபது பேர் இருந்தால் 360,000. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவதன் நோக்கம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருசம் முடித்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதப் பங்கு சேர வேண்டும். நீங்களாக விலகினாலும் அது உங்களுக்கு உண்டு. படியும் சேரும் என்பதால் கணக்கு 20,000 × 6 = 120,000. விலகி 30 நாளுக்குள் தர வேண்டும்.

டிசம்பர் ஒப்பந்தக் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆறு வருசமும் ஒரே சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமா, டிசம்பர் மாதச் சம்பளமும் வங்கிக்கு வந்ததா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் ஆம் என்றால், சேவை அறவில்லை என்று வாதிட அவை வலுவான சான்று. வங்கிக் கூற்று, சம்பளத் துண்டுகள், நேர அட்டவணைகள் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும்போதே பிரதி எடுங்கள். வெளியே வந்த பிறகு யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். கேட்பவை எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் முன்னறிவித்தல் எத்தனை நாள் என்று பார்த்து, கடமையேற்கும் திகதியோடு பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டும் முட்டினால் கடமையேற்கும் திகதிக்கே முதலிடம். அது தவறினால் நியமனமே போய்விடலாம். நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றிய பந்தியையும் கவனமாக வாசியுங்கள். ஓய்வூதியமுள்ள அரச பதவிக்குப் போகும் பெண் 50 வயதுவரை காத்திருக்காமல் சேமலாப நிதியை எடுக்கலாம். அதற்கு அந்தக் கடிதம்தான் ஆதாரம்.

"அரச நியமனம் வருமட்டும் இருக்கிறதுதானே" என்ற நினைப்பில்தான் இந்தச் சம்பளங்கள் நிலைக்கின்றன. முகாமையும் அப்படி நினைக்கிறது, எங்கள் வீடுகளும் அப்படியே நினைக்கின்றன. பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணம் வருசாவருசம் ஏறுகிறது. படிப்பிக்கிறவரின் உரிமைக் காசு மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கும் காசாக இருக்க வேண்டும்? 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபா. ஒரு பட்டதாரி ஆசிரியையின் அடிப்படைச் சம்பளம் அந்தக் கோட்டிலேயே நிற்பது பெரிய அநியாயம்.

30 நாள் கழிந்தும் பணம் வராவிட்டால் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பணிக்கொடைக்கு ஒன்று, சேமலாப நிதிக் குறைவுக்கு வேறொன்று. கூடப் படிப்பிக்கும் ரீச்சர்மாரையும் தங்கள் சம்பளத் துண்டில் எந்தத் தொகைக்கு 8 சதவீதம் கழிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.