பதில்: மார்க்கெட் தெரு சுரங்க மாதிரி

வணக்கம் தம்பி. சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெரு சுரங்கத்தின் மாதிரியில் பார்ட் (சுற்று வட்டார ஊர்களை இணைக்கும் ரயில்), முனி (நகருக்குள் ஓடும் இலகு ரயில்) இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஓடவிட்டீர்கள், ஆசிரியர் தப்பு என்கிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் சொன்னது சரிதான்.

பார்டின் பாதை அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 1,676 மி.மீ. நம்ம காட்பாடி ஜங்ஷனில் இருக்கிற அதே அகலம்! முனிக்கு 1,435 தான். காட்பாடியிலிருந்து வேலூர் வழியாகப் போகும் விழுப்புரம் பாதை குறுகலான மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், காட்பாடிக்கு வரும் சென்னை ரயிலை அப்படியே வேலூர் டவுனுக்குத் திருப்ப முடியாதே, அதே கதைதான். மின்சாரமும் வேறு: முனிக்கு மேலே கம்பி, பார்டுக்குத் தரையோரம் மூன்றாவது தண்டவாளம்.

அதனால் அடுக்கடுக்காகச் செய்யுங்கள். தெருவுக்குக் கீழே டிக்கெட் தளம், அதன்கீழ் முனி, அடியில் பார்ட். எம்பார்கடேரோ, மான்ட்கோமெரி, பவல், சிவிக் சென்டர் என நான்கு நிலையங்கள் மட்டுமே பொது. டிக்கெட் தளத்தில் இரண்டுக்கும் தனித்தனி கேட் வையுங்கள், பலர் விடுவது அதைத்தான்.

1:50 அளவு என்றால் பார்டுக்கு 33.5 மி.மீ., முனிக்கு 28.7. இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம், பார்ட் பாதைக்கு மேலே கம்பி ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.