ஸ்பீட் சில்வர் கீபோர்ட் சுவிட்ச்ல தானா எழுத்து விழுதுன்னு கேட்டிருந்தீங்களே

விரலை சும்மா கீ மேல வச்சாலே எழுத்து விழுது, சாயங்காலம் ஆனா விரல் நுனி வலிக்குது, ஆபீஸ்ல சத்தமும் வரக்கூடாதுன்னு போட்டிருந்தீங்க. முதல் பிரச்சினைக்கு காரணம் உங்க கீக்கு அடியில இருக்கற சுவிட்ச், செர்ரி கம்பெனியோட ஸ்பீட் சில்வரே தான் ப்ரோ, அது 1.2 மி.மீ. இறங்கினாலே அடிச்சதா எடுத்துக்கும், அதே கம்பெனியோட ரெட் சுவிட்ச்ல அது 2 மி.மீ., ஸ்பிரிங் கனம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். கேமுக்கு சரி, விரலை கீ மேலயே வச்சுக்கற ஆளுக்கு ஆகவே ஆகாது.

வலி அனேகமா கீயை அடிமட்டம் வரைக்கும் குத்துறதால வருது. ஒரு கீயை ரொம்ப மெதுவா அமுக்கி பாருங்க, ஸ்கிரீன்ல எழுத்து வந்தப்புறமும் அது இன்னும் எவ்ளோ கீழ போகுதுன்னு தெரியும், அந்த மிச்ச தூரம் பூரா வீண் உழைப்பு. டாக்டைல் சுவிட்ச்ல நடுவுல ஒரு சின்ன மேடு தட்டும், அது தட்டினதும் விரலை எடுக்க கை மெல்ல பழகிக்கும். டாக்டைல்லயே பிரவுன் சுவிட்ச்ல அந்த மேடு ரொம்ப லேசு, ஓங்கி அடிக்கற கைக்கு தெரியாமலே போயிடும், அதனால மேடு நல்லா தெரியற கிளியர் சுவிட்ச் தான் சொல்வேன், அமுக்க கனம் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்ல. ப்ளூ சுவிட்ச் வேண்டாம், கிளிக் சத்தம் பக்கத்து சீட்டுக்கு கேக்கும்.

கீபோர்ட் ஹாட்ஸ்வாப்னா, அதாவது சால்டர் பண்ணாமலே சுவிட்சை கழட்டி மாட்டற வகைன்னா, முழு செட் வாங்காம நாலஞ்சு மட்டும் வாங்கி நீங்க அதிகமா அடிக்கற கீல மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்க. போர்டு 3 பின்னா 5 பின்னான்னு பாத்துக்கோங்க, 5 பின் சுவிட்ச் 3 பின் போர்டுல உக்காராது, ஓரத்துல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் காலை வெட்டணும்.