குளிர் நாட்டுக்கு எந்தப் பெல்லட் கிரில்? திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

கனடாவிலோ நோர்வேயிலோ பிள்ளை, சகோதரம் என்று யாராவது இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம். அங்கே பனிக்காலத்திலும் வெளியே இறைச்சி சுட ஆசைப்படுகிறவர்களுக்காக இங்குள்ளவர்கள் கேட்டவையும், அங்கிருந்தே வந்தவையும் கீழே. கனடாவில் இருந்த காலத்தில் இந்தக் கிரில்களில் சமைத்தும் பழுது பார்த்தும் பழகியவன் நான். இப்போது உப்புவெளியில் இருக்கிறேன்.

கேள்வி (உவர்மலை): தம்பி, வின்னிபெக்கில் இருக்கும் மகன் பெல்லட் கிரில் வாங்கப் போகிறானாம். அது என்ன சாமான்? கரி அடுப்பு போதாதா?

பதில்: அக்கா, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்தான் பெல்லட். பென்சில் தடிப்பு இருக்கும். பக்கத்துப் பெட்டியில் அதைக் கொட்டி, வேண்டிய சூட்டை அமத்திவிட்டால், திருகுத் தண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். சூடாகும் கம்பி பற்றவைக்கும், விசிறி காற்றூதும். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து கன்ட்ரோலர் தீனியைக் கூட்டும், குறைக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் 1980களில் கொண்டுவந்த முறை இது. கரி அடுப்பென்றால் பக்கத்திலேயே நிற்கவேண்டும். வின்னிபெக்கில் தை மாத இரவு மைனஸ் 20 பாகை என்பது சாதாரணம். அங்கே யார் வெளியே நிற்பது? மகன் சரியான சாமானைத்தான் பார்க்கிறார்.

கேள்வி (வின்னிபெக்): அண்ணா, அம்மா கேட்டதன் தொடர்ச்சி. கடையில் ஒரே விலைக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரியது, மெல்லிய தகடு, 500 பாகை ஃபாரன்ஹீட் வரை போகுமாம். மற்றது சிறியது, இரட்டைச் சுவர். எதை எடுக்க?

பதில்: சிறியதை எடுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். மெதுவாகப் புகையில் வேகவைக்க உள்ளே 107 பாகை செல்சியஸ் வேண்டும். கிரில்லில் 225 ஃபாரன்ஹீட் என்று இருப்பது அதுதான். வெளியே 20 பாகை என்றால் வித்தியாசம் 87. வெளியே மைனஸ் 25 என்றால் 132. அதாவது சுவர் வழியாகப் போகும் சூடு ஒன்றரை மடங்கு. காற்றும் அடித்தால் இன்னும் மோசம். மெல்லிய ஒற்றைத் தகட்டில் இந்த இழப்பை ஈடுகட்டக் கன்ட்ரோலர் பெல்லட்டை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். நெருப்புக்கு மேலே உள்ள துண்டு கருகும், ஓரத்தில் உள்ளது வேகாது. பெட்டி பெரிதென்றால் சூடாக்க வேண்டிய இடமும் பெரிது. அந்த 500 பாகையும் மிதமான நாளில் வருவது, மைனஸ் 25இல் எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். போனின் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடியை மூடுங்கள். மூடியின் விளிம்போரமாக வெளிச்சம் கோடாகத் தெரிந்தால், வீட்டில் சூடும் அதே வழியாகத்தான் போகும். சில மூடிகள் பிணைச்சல் பக்கம் இறுக்கமாக இருந்து, முன்மூலையில் விரல் நகம் போகும் அளவுக்கு விலகி நிற்கும். ஓரத்தில் வெப்பம் தாங்கும் நார்ப்பட்டி ஒட்டியிருந்தால் நல்லது. பிறகு மூடியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்கவேண்டும். தகடு 2 மில்லிமீட்டருக்குக் கிட்ட இருந்தால் திருப்தி.

அடுத்தது கன்ட்ரோலர். மலிவானவற்றிலும் பழையவற்றிலும் திருகுத் தண்டு 15 வினாடி சுற்றும், பிறகு நீங்கள் வைத்த எண்ணுக்கு ஏற்ப ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் என்று சும்மா நிற்கும். உறைபனி நாளில் அந்த இடைவெளியில் கிண்ணத்து நெருப்பு சோர்ந்துபோகும். பி.ஐ.டி. வகைக் கன்ட்ரோலர் சூட்டை விடாமல் பார்த்து, இறங்கத் தொடங்கும்போதே தீனியைக் கூட்டும். குளிர் ஊருக்கு அது இல்லாததை வாங்கவேண்டாம். போனில் பார்க்கும் வசதி, உள்விளக்கு எல்லாம் பிறகு. காசு இருந்தால் அதைச் சுவருக்குப் போடுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): என்னிடம் ஏற்கெனவே ஒற்றைத் தகட்டுக் கிரில் இருக்கிறது. மேலே போர்வை போட்டால் சரிவருமா?

பதில்: சரிவரும், அந்த மாடலுக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் போர்வையாக இருந்தால். வீட்டுக் கம்பளி கூடவே கூடாது, தீப்பிடிக்கும். கூரைக்குப் போடும் பஞ்சும் வேண்டாம். புகைபோக்கியை மூடாதீர்கள். பனி போய் வெயில் வந்ததும் கழற்றிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, வீட்டுச் சுவரின் மறைவில், ஆனால் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி (கிண்ணியா): நானா, தம்பி ஒஸ்லோவில். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டுச் சுடலாமா என்கிறார்.

பதில்: வேண்டாம். தயவுசெய்து இதை இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள். எரியும் மரத்திலிருந்து கார்பன் மொனொக்சைட் வரும். மணமில்லை, நிறமில்லை, என்னவென்று தெரியுமுன்னே ஆளை விழுத்திவிடும். கதவு திறந்திருப்பது போதாது. மழைக்கும் பனிக்கும் மறைப்பு வேண்டுமென்றால் பக்கங்கள் திறந்த, நல்ல உயரமான, எரியாத கூரை.

கேள்வி (ஸ்காபரோ): போன கிழமை நடுவில் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டதும் 'டமார்' என்று மூடி எகிறியது. ஏன்?

பதில்: நெருப்பு அணைந்த பிறகும் திருகுத் தண்டு பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். கிண்ணம் நிரம்பி வழியும் நிலையில் மறுபடி பற்றவைத்தீர்கள். குவியல் பற்றாமல் முதலில் புகைந்து, அந்தப் புகை உள்ளே நிறைந்து, ஒரேயடியாகப் பிடித்திருக்கிறது. இனிமேல் அணைந்தால் சுவிட்சை நிறுத்தி, ஆறவிட்டு, தட்டுகளைத் தூக்கி, கிண்ணத்தை முழுக்க வெறுமையாக்கிய பிறகுதான் போடவேண்டும். பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்கவேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஏன் அணைந்தது? பெரும்பாலும் கிண்ணத்தில் சேர்ந்த சாம்பல், இல்லையென்றால் ஈரப் பெல்லட். ஆறிய சாம்பலை அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். கொழுப்பு வடியும் குழாயையும் பாருங்கள்; குளிரில் உறைந்து அடைத்தால் கொழுப்பு உள்ளேயே தேங்கித் தீப்பிடிக்கும்.

கேள்வி (வின்னிபெக்): பெல்லட் எவ்வளவு போகும்? வீடு சூடாக்கும் பெல்லட் மலிவு, அதைப் போடலாமா?

பதில்: மிதமான நாளில் மெதுவான சூட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு இறாத்தல். கடுங்குளிரில் இரண்டு மடங்குகூட ஆகலாம். இரவு முழுக்க வைப்பதென்றால் 20 இறாத்தல் பை இரண்டு கையில் இருக்கட்டும். வீடு சூடாக்கும் பெல்லட் வேண்டாம். அதில் பைன் போன்ற பிசின் மரம் கலந்திருக்கலாம், உணவுக்கென்று செய்ததும் இல்லை. ஓக், மேப்பிள், ஹிக்கரி நல்லவை.

கேள்வி (நிலாவெளி): அண்ணா, கனடாவிலிருந்து மச்சான் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். எங்கள் விடுதியில் பாவிக்கலாமா?

பதில்: அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் போச்சு. டிரான்ஸ்ஃபோர்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி மோட்டார் உள்ள மாடலில் திருகுத் தண்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அப்புறம் கடல் உப்புக்காற்று தகட்டைத் தின்னும். ஐப்பசி தொடங்கி வாடையும் மழையும் வந்தால் பெல்லட் ஈரத்தை இழுத்து ஊதிவிடும். ஒன்றை எடுத்து முறித்துப் பாருங்கள்: நல்லதென்றால் 'டக்' என்று முறியும், ஈரமானது சத்தமில்லாமல் தூளாக உதிரும். அந்தத் தூள் திருகுத் தண்டில் இறுகினால் கழற்றித்தான் எடுக்கவேண்டும். எங்கள் ஊர் குளிர்தானே, இங்கே பாவிக்கலாமா என்று நுவரெலியாவில் இருந்து கேட்டவருக்கும் இதே பதில்தான். அங்கே குளிரைவிட ஈரம்தான் எதிரி, பெல்லட்டை இறுக்கமாக மூடும் வாளியில் வையுங்கள்.

உங்களிடம் சிரட்டைக்கரி இருக்கிறதே. மூடியுள்ள ஒரு கரி அடுப்பு, ஒரு பக்கம் மட்டும் தணல், மறுபக்கம் பாரை மீன் அல்லது அறக்குளா. உங்கள் விருந்தினருக்கு இதைவிட நல்லதை அந்தப் பெட்டி தராது.

கேள்வி (உவர்மலை): தம்பி, மகன் முதலில் எதைச் சுடுவது?

பதில்: கோழித் தொடை, அக்கா. வழக்கத்தைவிட அதிக நேரம் கிரில்லைச் சூடாக விட்டு, பிறகு வைக்கச் சொல்லுங்கள். வறுத்த கறித்தூள் பூசினால் கிரில் சூடு 165 பாகை செல்சியஸுக்கு மேல் போகவேண்டாம், தூள் கருகிக் கசக்கும். மூடியை அடிக்கடி திறந்தால் அந்தக் குளிரில் சூடு திரும்ப ஏற நேரம் பிடிக்கும். வயர் உள்ள இறைச்சி வெப்பமானியைக் குத்திவிட்டு வீட்டுக்குள் இருக்கலாம். எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் 74 பாகை செல்சியஸ் வந்தால் வெந்துவிட்டது. தொடைக்கு 80 வரை விட்டால் இன்னும் பதமாக வரும்.