140 பெயர், அரை மணி நேரம்

கேள்வி: ஐயா, என் ஜெப லிஸ்டில் 140 பேர் இருக்கிறார்கள். தினமும் அதிகாலை நாலரைக்கு எழுந்து, அரை மணி நேரத்தில் எல்லாப் பெயரையும் சொல்லி ஜெபித்துவிடுகிறேன். ஆனால் பாதியிலேயே கண் சொக்குகிறது, மனம் எங்கேயோ போய்விடுகிறது. பிறருக்காகப் பாரத்தோடு, அதாவது அவர்கள் கஷ்டத்தை என் சுமையாக உணர்ந்து, ஜெபிப்பது எப்படி? (தயவுசெய்து என் பெயரைப் போடவேண்டாம்.)
— ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அரை மணி என்பது 1,800 விநாடி. 140-ஆல் வகுத்தால் தலைக்கு 13 விநாடிகூடத் தேறவில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழுவதற்கே அதைவிட நேரம் ஆகிறது. தூக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

லிஸ்ட் என்றீர்களே, சகோதரி, முதலில் அதற்கு வருவோம். சபைக்கும் லிஸ்டுக்கும் உள்ள உறவு பழையது. சண்டை அதைவிடப் பழையது. உங்கள் பக்கம் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள் அல்லவா? மகனுக்கு வேலை கிடைத்ததற்காக இன்னார் 500 ரூபாய், திருமண நாளுக்காக இன்னார் 200 ரூபாய் என்று. அதில் ஓர் இனிஷியல் மாறிப்போகட்டும், வாசிக்கும் சபை ஊழியரான உபதேசியார் பாடு திண்டாட்டம்தான். 500-ஐ 50 என்று வாசித்துவிட்டால் அது அடுத்த சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) தேர்தல்வரை மறக்கப்படாது. (தேர்தல் வாக்காளர் லிஸ்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். அதைத் தொடவில்லை.)

இது நம்மூர் வியாதி என்று நினைக்காதீர்கள். ஆதிச்சபையில் கீல் வைத்த இரட்டைப் பலகை ஒன்று உண்டு. அதில் உயிரோடிருப்பவர்கள், மரித்தவர்கள் என்று பெயர் எழுதி, திருவிருந்து ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார்கள். பெயர் பலகையில் இருந்தால் சபை ஐக்கியத்தில் இருக்கிறார் என்று பொருள். அழித்துவிட்டால் ஆள் வெளியே. யோவான் கிறிஸோஸ்தோம், அந்தக் காலத்தின் பெரும் பிரசங்கி, 407-ல் நாடுகடத்தப்பட்ட நிலையில் செத்தார். அவர் பெயரைத் திரும்பப் பலகையில் சேர்க்கலாமா என்று கான்ஸ்டான்டிநோபிள் சபையும் அலெக்சாந்திரியா சபையும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின. அகாசியு கதை இன்னும் மோசம். கான்ஸ்டான்டிநோபிள் பேராயரான அவரை ரோமாபுரி, அதாவது போப்பின் சபை, 484-ல் விலக்கியது. அவர் 489-ல் செத்துப்போனார். சண்டை சாகவில்லை. அவர் பெயரை ஜெபப் பலகையிலிருந்து எடுத்தால்தான் சமாதானம் என்று ரோமாபுரியும், எடுக்கமாட்டோம் என்று மற்றவர்களும் 519 வரை இழுத்தார்கள். கடைசியில் அவர் பெயரோடு இரண்டு பேரரசர்கள் பெயரையும் சேர்த்து அழித்தபிறகுதான் கை குலுக்கினார்கள். கேரளத்தில் சுரியானி மரபுச் சபைகளில் இன்றும் இந்த வாசிப்பு உண்டு: 'தூப்தேன்' என்று ஆறு பகுதி, மூன்று உயிரோடிருப்பவர்களுக்கு, மூன்று மரித்தவர்களுக்கு.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஜெபித்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பெரிய செலவில் பார்த்தும்விட்டார்கள். 2006-ல் வெளிவந்த ஆய்வு. 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகள். ஜெபக் குழுக்களிடம் நோயாளியின் முதல் பெயரும் ஓர் இனிஷியலும் மட்டும் கொடுக்கப்பட்டன. சிகிச்சை நல்லபடி முடியவேண்டும், சிக்கல் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்த ஒரே வாக்கியம், 14 நாள். ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், ஜெபிக்கப்படாதவர்களில் 51. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59! ஜெபக் குழுவைக் கூப்பிடும் அளவுக்கா நம் நிலைமை போய்விட்டது என்று பயந்திருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். தற்செயல் என்பது இன்னொன்று. நாத்திக நண்பர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வரட்டும். எனக்குக் கோபம் நம் எழுப்புதல் மேடைக்காரர்கள்மேல். சான்பிரான்சிஸ்கோவில் 393 இருதய நோயாளிகளிடம் நடந்து 1988-ல் வெளிவந்த ஆய்வு சாதகமாக வந்தது என்று இன்றுவரை முழங்குகிறார்கள். 2006-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. கர்த்தரைச் சோதனைக் குழாயில் ஊற்ற ஒப்புக்கொண்டால், வரும் முடிவு எதுவானாலும் சொல்லத்தான் வேண்டும். நான் இரண்டையும் சாட்சிக்கு அழைப்பதில்லை. முகம் தெரியாதவரின் இனிஷியலுக்காக ஒப்புவிக்கும் வாக்கியமும் உங்கள் 13 விநாடியும் ஒரே ரகம் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது, உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்கிறீர்கள். நியாயம், போடவில்லை. அந்த 140 பேரிடம் அவர்கள் பெயரைப் பற்றிக் கேட்டீர்களா? வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ஜெபக் குறிப்புகளைப் பார்க்கிறேன்: இன்ன தெரு, இன்னார் மகள், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம், இரகசியமாக ஜெபிக்கவும். இரகசியம் பரலோகம் போய்ச் சேருமுன் திசையன்விளை போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோயின் பெயர், கடன் தொகை, பெண் பார்த்துவிட்டுப் போன வீடு, இவை எதுவும் சம்பந்தப்பட்டவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் காதுக்குப் போகக்கூடாது. கூட்டத்தில் சொல்லியே ஆகவேண்டுமென்றால், 'சுகவீனமாக இருக்கும் ஒரு சகோதரி' போதும். யாரென்று தேவனுக்குத் தெரியும்.

சரி, பாரம். கண்ணீர் வந்தால் பாரம், வராவிட்டால் கல்நெஞ்சு என்ற கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ, கைகளை விரித்து அழுது காட்டுவதே ஒரு கலையாகிவிட்டது. வேதாகமத்தில், பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதன் நெகேமியாவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தை வரிசை மாறாமல் வாசியுங்கள். அவன் சகோதரன் ஆனானி எருசலேமிலிருந்து வருகிறான். நெகேமியா விசாரிக்கிறான். சிறையிருப்பில் தப்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள், நகரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். அலங்கம் (நகர மதில்) இடிந்தது, வாசல்கள் வெந்துபோயின என்று விவரம் கிடைக்கிறது. அதன்பிறகுதான் உட்கார்ந்து அழுகிறான். எபிரெய நாட்காட்டியின் கிஸ்லேயு மாதத்தில் தொடங்கிய ஜெபம் நிசான் மாதத்தில், ஏறக்குறைய நாலு மாதம் கழித்து, ராஜா முன்னால் வந்து நிற்கிறது. அப்போது அவன் வாயில் தெளிவான பட்டியல் இருக்கிறது: ஐபிராத்து நதிக்கு அப்புறத்து அதிகாரிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் மரம் தரச்சொல்லி வனக்காவலன் ஆசாபுக்குக் கடிதம். உங்களுக்குப் பாரம் வராததற்குக் காரணம் விசாரிக்காததுதான்.

ஆகவே, ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு 6 பேர், ஆளுக்கு 5 நிமிடம். அதே அரை மணிதான். வாரத்துக்கு 42 பேர் ஆயிற்று. மீதி 98 பெயரையும் தனித்தாளில் எழுதி, ஒவ்வொருவரைப் பற்றியும் கடைசியாக எப்போது என்ன கேள்விப்பட்டீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பல பெயருக்கு எதிரே ஒன்றும் எழுத வராது. அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள், அல்லது ஞாயிறு பொது ஜெபத்தில் சபையோடு சேர்த்து ஒப்புக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். போனில் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்? அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று நீங்கள் மூன்று வருஷம் மன்றாடியிருப்பீர்கள். அந்த அம்மாவுக்கு அவனிடமிருந்து ஒரு போன் வந்தால் போதும் என்றிருக்கும்.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நாலு பத்தி: தேதி, அவர் கேட்டது, நான் கேட்பது, நடந்தது. மூன்றாவது பத்திக்குச் சொந்தச் சரக்கு தீர்ந்துபோனால் பவுல் எழுதிய எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர் நிருபங்கள் மூன்றுக்கும் முதல் அதிகாரத்தைத் திறந்து, அவர் சபைகளுக்காக எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். அறிவு, அன்பு, பகுத்தறிதல், பொறுமை. விசா ஒன்றுகூட இல்லை.

நாலாவது பத்தியில் 'பதில் கிடைத்தது' என்று முத்திரை குத்தாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ரோமர் 15-ல் பவுல் மூன்று காரியம் கேட்கிறார்: யூதேயாவில் அவிசுவாசிகளிடமிருந்து தப்பவேண்டும், கொண்டுபோகும் உதவியைப் பரிசுத்தவான்கள் ஏற்கவேண்டும், பிறகு சந்தோஷத்தோடே ரோமாபுரிக்கு வரவேண்டும். நடந்ததோ: தேவாலயத்தில் அடி, செசரியாவில் இரண்டு வருஷம் காவல், கடலில் கப்பற்சேதம், அப்புறம் சங்கிலியோடு ரோமாபுரி. இதை எந்தப் பத்தியில் டிக் அடிப்பீர்கள்?

ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் நோயாளியிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நிற்காமல் உட்காருங்கள், டிரிப்ஸ் ஏறும் கையைப் பிடிக்காதீர்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். யாக்கோபு 5-ஐக் காட்டி எண்ணெய் பூசுவதானால் நர்ஸிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு துளி. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால் முகத்தில் பூசவே கூடாது. ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் விசுவாச வீரரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.